'லெட்' என்றால் விடுவதா, தடுப்பதா?

உங்கள் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். அதில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' என்று வரும். அதைத் தமிழாக்கச் சொன்னவரிடம் 'அனுமதியோ தடையோ இன்றி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "அனுமதி இல்லாம எப்படிம்மா போறது?" என்றார். நியாயமான கேள்வி. அன்றைக்குத்தான் அகராதியைப் பிரித்தேன்.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. 'லாட்டன்' என்றால் விடுவது. நம் 'விடு' மாதிரியே விட்டுச் செல்வதற்கும் போகவிடுவதற்கும் அந்த ஒரே சொல். 'லெட்டன்' என்றால் தாமதப்படுத்துவது, தடுப்பது. நாம் தினமும் சொல்லும் 'லேட்' இதற்குச் சொந்தம். காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து 'லெட்' என்றே ஆகிவிட்டன. தடுக்கிற 'லெட்' பேச்சிலிருந்து மறைந்துவிட்டது.

பழைய நூலில் 'லெட்' வந்தால் முதலில் அதன் பின்னால் வருவதைப் பாருங்கள். ஆளும், அவர் செய்யப்போகும் செயலும் இருந்தால் பெரும்பாலும் விடுவதுதான். ஆளோடு வாக்கியம் நின்றுவிட்டால் சந்தேகப்படுங்கள். ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கத்தில், ஆவியின் பின்னால் போகவிடாமல் நண்பர்கள் இளவரசனைப் பிடித்துக்கொள்கிறார்கள். 'ஐல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ' என்று சீறுகிறான். 'மீ'யோடு முடிந்துவிட்டது, பாருங்கள். என்னைத் தடுப்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். 'விடுபவனை' என்று போட்டால் அந்தக் கோபமே செத்துவிடும்.

ஆளே இல்லாமலும் வரும். 1611இல் வெளியான ஆங்கில பைபிளில், இரண்டாம் தெசலோனிக்கேயர் 2:7இல், 'ஹி ஹூ நவ் லெட்டத் வில் லெட்' என்று இருக்கிறது ('லெட்டத்' என்பது 'லெட்ஸ்' என்பதன் பழைய வடிவம்). இப்படிக் குழப்பினால் அதே வசனத்தின் தமிழைப் புரட்டுங்கள். 'தடைசெய்கிறவன்' என்று தெளிவாக இருக்கும். ஒரு மொழி மூடி வைத்ததை இன்னொரு மொழி திறந்து காட்டும் இடம் இது. நான் அதிகம் நம்புவது இந்த வழியைத்தான்.

டென்னிஸில் பந்து வலையை உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் நடுவர் 'லெட்' என்பாரே, அதுவும் தடைதான்.

பாஸ்போர்ட் வரிக்கு நான் வெகுநேரம் அலையவில்லை. 'லெட்' தாமதம் என்று தெரிந்ததும் சொல் தானாக வந்தது. தங்குவது தாமதம், தடை தடை. 'தங்குதடையின்றி' என்று திருத்திக் கொடுத்தேன்.