நான்கு உறுதிமொழிகளைக் கடைக் கவுண்டரில் கடைப்பிடிக்க ஒரு வழி

கொடைக்கானல் மலைப்பாதையில் பெருமாள்மலை பக்கம் போதி ஜென்டோ என்ற ஜென் பௌத்தத் தியான மையம் இருக்கிறது. ஏசு சபைத் துறவி அமா சாமி 1996இல் தொடங்கியது. எல்லா உயிர்களின் விடுதலைக்காகவும் உழைப்பதாக உறுதி பூண்டவரைப் பௌத்தத்தில் போதிசத்துவர் என்பார்கள். அவருடைய நான்கு உறுதிமொழிகளை அங்கேதான் முதலில் எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன். எண்ணற்ற உயிர்களைக் கரைசேர்ப்பேன், தீராத மன மாசுகளை அறுப்பேன், அளவற்ற தர்மங்களை, அதாவது புத்தரின் போதனைகளை, கற்பேன், ஒப்பற்ற புத்த நெறியை அடைவேன்.

மலையில் அமைதியாக உட்கார்ந்து சொல்லிவிடலாம். திண்டுக்கல்லில் என் மெடிக்கல் கடையில், சாயங்காலக் கூட்டத்தில் அது நினைவுக்கு வர வேண்டுமே!

முதல் உறுதிமொழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அன்றாடம் கை செய்கிற ஒரு வேலையோடு அதைச் சேர்த்துவிடுங்கள். எனக்கு அது மருந்துச் சீட்டை வாங்கும் நொடி. இரண்டு கையாலும் வாங்குவேன், மனதுக்குள் "கரைசேர்ப்பேன்" என்பேன். ஒரு மூச்சு நேரம்தான். ஆசிரியர் என்றால் வருகைப் பதிவைத் திறக்கும்போது, ஆட்டோ ஓட்டுபவர் என்றால் சாவியைத் திருகும்போது செய்யலாம். நேரம் ஒதுக்கிச் செய்வது இரண்டே வாரத்தில் நின்றுபோகும்; வேலையோடு ஒட்டியது நிற்காது.

"எண்ணற்ற" என்பதை விட்டுவிடாதீர்கள். யாருக்கு இரக்கம் தகும் என்று ஆள் பார்க்கும் உரிமையை அது நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது. வரிசையைத் தாண்டி வந்து கத்துகிறவரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

அப்புறம், சொன்னதற்குச் செயல் வேண்டும். சிறியதாகவே இருக்கட்டும். எட்டாம் நூற்றாண்டில் நாளந்தாவில் இருந்த பௌத்தத் துறவி சாந்திதேவர், கொடுக்கப் பழகுகிறவர் முதலில் கீரை, காய் போன்றவற்றிலிருந்து தொடங்கட்டும் என்கிறார். எனக்குப் பிடித்த ஆசிரியர் அவர்தான். பெரிதாகத் தொடங்கச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

என் கடையில் கீரை என்பது பால்பாயிண்ட் பேனா. படிக்கத் தெரியாத ஒரு பாட்டி பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாங்க வருவார். காலை மாத்திரைக் கவரில் சூரியன், ராத்திரி மாத்திரைக் கவரில் பிறை வரைவேன். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் பக்கத்தில் ஒரு தட்டு. "தம்பி, தட்டுல சோறு போடலையே" என்பார். நான்கு புள்ளி வைத்துக் கொடுப்பேன். பின்னால் நிற்பவர்கள் முனகினாலும் இதை அவசரப்படுத்த மாட்டேன்.

இரண்டாவது உறுதிமொழிக்குக் கோபம் வரும் நேரமே பாடம். எனக்கு முதலில் தாடை இறுகும். அதைக் கவனித்து, பல்லைத் தளர்த்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். மூன்றாவதும் நான்காவதும் தானாக வரட்டும், அவசரமில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கருணை என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது இல்லை. கண் சிவந்து வந்து, சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்பவர்கள் உண்டு. பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் தர மாட்டேன். "தர முடியாதுண்ணே" என்று சொல்லிவிட்டு உடனே அடுத்தவரைப் பார்க்காதீர்கள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, வீட்டில் யார் கூட இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.