ஜிப்சம் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால்

கடலூர், பாகூர் பக்கம் போர் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தால் உடனே ஜிப்சம் என்கிற கால்சியம் உள்ள கனிமப் பொடியை வாங்கி நிலத்தில் கொட்டுவோம். நானும் கொட்டினேன், காசு போனதுதான் மிச்சம், ஏனென்றால் என்னுடையது உவர் நிலம், களர் இல்லை. களர் மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை ஜிப்சத்தின் கால்சியம் பெயர்த்துவிடும். உவரில் இருப்பது கரைகிற உப்பு. அதை நல்ல தண்ணீர் கட்டி வடித்தால்தான் போகும், அதற்கு ஐப்பசி கார்த்திகை மழையை விட்டால் வேறு வழியில்லை, வரப்பை உயர்த்தி மழைநீரைப் பிடித்துவையுங்கள்.

அதனால் முதலில் மண் பரிசோதனை. வரப்போரம், மரத்தடி, குப்பை கொட்டிய இடம் விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, ஓரமாகச் சீவி எடுத்துக் கலந்து, அரைக்கிலோ மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 8.5க்கு மேல் போனால் களர் என்று சந்தேகப்படலாம். உப்பின் அளவைக் காட்டும் இ.சி. எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. 4க்கு மேல் உவர் என்று புத்தகங்கள் சொல்வது சேறாகக் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கு, கூடுதல் தண்ணீரில் கரைத்து அளந்தால் அதே மண்ணுக்குக் குறைவாகத்தான் காட்டும். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

போர் தண்ணீரையும் கொடுங்கள், மோட்டாரை அரைமணி ஓடவிட்டுப் பிடித்தது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது, மேல்மட்டம் 1 அடி இறங்கினால் அடியிலிருக்கும் உப்பு சுமார் 40 அடி ஏறும் என்பது கணக்கு. ராத்திரி முழுக்க மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கினால் கடலை நாமே கூப்பிடுகிறோம். நெல் வயலில் ஓட்டை போட்ட குழாயைப் பதித்து, அதற்குள் தெரியும் தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் நிறைய மிச்சமாகும், பூக்கும் சமயம் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். ஆனால் உவர் வயலில் இதைச் செய்யாதீர்கள், காய்ந்தால் உப்பு மேலே ஏறிவிடும்.

அப்புறம் யூரியா. வானம் கறுத்திருக்கும்போது வீசவே வேண்டாம். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், போட்டபின் மூன்று நாலு நாள் வடிகால் மடையை அடைத்துவையுங்கள். இல்லையென்றால் வாய்க்கால் வழியாகக் கெடிலத்துக்கும் உப்பனாற்றுக்கும் போய்ப் பாசிக்குத் தீனியாகும், பாசி அழுகினால் மீனுக்கு மூச்சு இல்லை. மணல் நிலமென்றால் நைட்ரேட்டாகிக் கீழே இறங்கி நம் கிணற்றுக்கே வரும், குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு.

சம்பாவுக்கு முன்னால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, பூ எடுக்கும்போது, சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். உப்பையும் தாங்கும், அந்தப் போகத்துக்கு யூரியாவும் குறையும்.

போர் தண்ணீரை மே மாதம் ஒருமுறை, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். நான் மோட்டார் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைக்கிறேன், சீட்டு என்றால் எலி தின்றுவிடுகிறது.