ஹோய் ஆனில் இரண்டு இரவு: எதை எப்போது செய்வது

வியட்நாமின் பழைய துறைமுக ஊரான ஹோய் ஆனுக்குப் போகிறவர்களில் பலர், பக்கத்துப் பெருநகரான டா நாங்கில் தங்கி மாலை 5 மணிக்கு வண்டி பிடித்து வந்து, தெருவெங்கும் தொங்கும் லாந்தர் விளக்குகளைப் படமெடுத்துக்கொண்டு 9 மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊரில் நெரிசல் உச்சத்தில் இருப்பதும் அதே நேரம்தான். இங்கே இரண்டு இரவு வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டது.

1. கிளம்பும் முன்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இ-விசா தேவை. வியட்நாம் அரசின் சொந்தத் தளத்தில் ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். அதே தோற்றத்தில் தரகர் தளங்கள் நிறைய உண்டு, இரண்டு மடங்கு கேட்பார்கள். பெயரை பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே நிரப்புங்கள். நம் ஊர் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பது சகஜம், தப்பு நேர்வதும் அங்கேதான். பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் உள்ள இயந்திர எழுத்து வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பருவம்: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. அக்டோபர், நவம்பரில் போகாதீர்கள். நமக்கு ஐப்பசி அடைமழை கொட்டும் அதே வடகிழக்குப் பருவம் அங்கேயும் கொட்டுகிறது. ஊரை ஒட்டி ஓடும் து போன் ஆறு பொங்கி வீதிக்குள் படகு ஓடும்.

2. பணம்

வியட்நாம் நாணயம் டோங். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டோங். சுலபக் கணக்கு: கடைசி மூன்று சுழியை வெட்டுங்கள், மூன்றால் பெருக்குங்கள், அதில் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். 1,20,000 டோங் என்றால் 360, அதோடு 36, கிட்டத்தட்ட 400 ரூபாய்.

20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம். இரவு வெளிச்சத்தில் 70 ரூபாய்க்கு பதில் 1,600 ரூபாயை நீட்டிவிடுவது சர்வசாதாரணம். 20,000 நோட்டின் பின்பக்கம் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலமே இருக்கிறது. பாலம் தெரிந்தால் சின்ன நோட்டு. ஐந்து லட்சத்தைத் தனி உறையில் வைத்துவிடுங்கள்.

3. பெட்டியை வைத்ததும் தையற்கடை

ஹோய் ஆனுக்கு ரயில் நிலையமோ விமான நிலையமோ கிடையாது. டா நாங் விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர். கிராப் (செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) பிடித்தால் முக்கால் மணி நேரம். அறைக்குப் போனதும் முதல் வேலை தையற்கடை, ஊர் சுற்றுவது பிறகு. "24 மணி நேரத்தில் கோட்டு" என்று பலகை தொங்கும். தைத்துவிடுவார்கள்தான், திருத்த நேரம் இருக்காது. முதல் நாள் அளவு, இரண்டாம் நாள் போட்டுப் பார்ப்பது, மூன்றாம் நாள் வாங்குவது என்று பேசுங்கள்.

உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பழைய உடுப்பு ஒன்றை எடுத்துப்போங்கள். படத்தைக் காட்டி விளக்குவதைவிட அதை அப்படியே நகலெடுக்கச் சொல்வது பிழை குறைவு.

துணி "கம்பளி" என்று சொன்னால் ஓரத்திலிருந்து ஒரு நூல் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். அசல் கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பாலியஸ்டர் வாங்கக்கூடாது என்றில்லை, கம்பளி விலைக்கு வாங்கக்கூடாது.

போட்டுப் பார்க்கும்போது தோளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இடுப்பு, கை நீளம் எல்லாம் அரை மணி வேலை. தோள் தவறினால் கோட்டையே பிரிக்க வேண்டும். இரண்டு கையையும் முன்னே நீட்டுங்கள். கோட்டு முழுவதும் மேலேறினால் அக்குள் வெட்டு கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். உள்தையலில் 2 சென்டிமீட்டர் துணி விடச் சொன்னால், ஊருக்கு வந்தபின் பிரித்துத் தைக்க முடியும். பாதிப் பணம் முன்பணம், மீதி கடைசி நாள்தான்.

4. மறுநாள் காலை, பழைய வீடுகள்

8 மணிக்கே இறங்குங்கள். பழைய ஊருக்கான சீட்டு வெளிநாட்டவருக்கு 1,20,000 டோங்; அதில் ஐந்து இடங்களுக்குள் போகலாம். சும்மா ஒரு கோயில், ஒரு கோயில் என்று கிழித்துத் தீர்த்துவிடாமல், தன் கீ வீடு, ஃபுங் ஹுங் வீடு, சீனாவின் ஃபூஜியன் மக்களின் சபை மண்டபம், ஜப்பானியப் பாலத்துக் கோயில், வணிகப் பீங்கான் அருங்காட்சியகம் என்று பிரியுங்கள்.

தன் கீ வீட்டின் முன்வாசல் கடைவீதியில், பின்வாசல் ஆற்றங்கரையில். சரக்கு பின்னால் இறங்கி முன்னால் விற்றது. உள்சுவரில் வெள்ள உயரங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டுக் குறியைத் தேடி அதன் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு ஃபுங் ஹுங் வீட்டின் மாடித் தரையில் உள்ள மரக்கதவைப் பாருங்கள்: வெள்ளம் வந்தால் சரக்கைக் கீழிருந்து தூக்க விட்ட வழி. இந்த வரிசையில் பார்த்தால் அது எதற்கு என்று யாரும் சொல்லவே வேண்டாம். வாசல் நிலைக்கு மேலே இரண்டு வட்ட மரக்கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவை வீட்டின் கண்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஆற்று முகத்துவாரம் தூர்ந்து, கப்பல்கள் டா நாங்குக்குப் போய்விட்டன. இடித்துக் கட்டக் காசில்லாமல் போனதால்தான் ஊர் அப்படியே மிஞ்சியது. 1999இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

5. சாப்பாடு

இந்த ஊர்ப் பண்டம் காவ் லாவ்: தடித்த நூடுல்ஸ், பன்றி இறைச்சி, கீரை, கொஞ்சமே கொஞ்சம் குழம்பு. சைவக்காரர்கள் "ஆன் ச்சாய்" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் சாறு ஊற்றிய கீரை வரும். "ச்சாய்" என்று பலகை வைத்த கடை பாதுகாப்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வியட்நாமியர் பலரும் சைவம் சாப்பிடுவதால் அப்போது நிறையவே கிடைக்கும்.

6. மாலை

சந்திர மாதத்தின் 14ஆம் இரவில் மின்விளக்குகளை அணைத்து லாந்தர் மட்டும் ஏற்றுகிறார்கள். நம் நாள்காட்டியில் பௌர்ணமியை ஒட்டி வரும். அழகுதான், ஆனால் கால் வைக்க இடமிருக்காது. ஆற்றில் படகுச் சவாரிக்குக் கரையில் கூவி அழைப்பவரிடம் பேரம் பேசுவதைவிட, விலை எழுதிய சீட்டுக் கூண்டில் வாங்குங்கள்.

7. மூன்றாம் நாள் விடியல்

பழைய கோயில் இடிபாடுகள் உள்ள மீ சன் இங்கிருந்து 40 கிலோமீட்டர். காலை 6 மணிக்குக் கிளம்புங்கள், 10 மணிக்கு மேல் செங்கல் அனலாக அடிக்கும். மத்திய வியட்நாமை ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் பல நூற்றாண்டுகள் கட்டிய சிவன் கோயில்கள். இடிபாடுகளை ஏ, பி, சி என்று எழுத்திட்டுத் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே குடிகொண்ட இறைவன் பத்ரேஸ்வரர். அந்தப் பெயர் நான்காம் நூற்றாண்டு அரசர் பத்ரவர்மன் பெயரிலிருந்து வந்தது. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் ஏ தொகுதியின் பெரிய கோபுரம் விழுந்தது. அதே தொகுதியில் 2020இல் இந்தியத் தொல்லியல் துறையின் சீரமைப்புப் பணியில் ஒற்றை மணற்கல் லிங்கம் ஒன்று கிடைத்தது. வழிகாட்டி பெரும்பாலும் பி, சி, டி தொகுதிகளோடு நிறுத்திவிடுவார். ஏ தொகுதிக்கும் நீங்களாகக் கேட்டுப் போங்கள்.

மதியம் திரும்பியதும் நேராகத் தையற்கடைக்குப் போய், கோட்டை இன்னொரு முறை போட்டு, காஜா, நூல் பிசிறு, லைனிங் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.