சிறையிலிருந்து தப்பும் லெவல்: சுவரை வரைவதற்கு முன் வார்டரின் நேரத்தை எழுதுங்கள்

தானே உருவாக்கும் முதல் வீடியோ கேமுக்கு என்ன கதை வைக்கலாம் என்று யாராவது கேட்டால், சிறையிலிருந்து தப்புகிற கதையைத்தான் நான் சொல்வேன். இடம் சின்னது. நாயகனுக்கு என்ன வேண்டும் என்று விளக்க ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படாது. கையில் ஆயுதம் இல்லாததால் சண்டைக்கான வேலையும் பாதியாகக் குறையும். ஆனால் சுவரை வரைவதற்கு முன்னால் வார்டரின் நேரத்தை எழுதிவிட வேண்டும். நான் முதல் தடவை இதை மாற்றிச் செய்தேன். துருப்பிடித்த கம்பி, சொட்டுகிற குழாய், சுவரில் கிறுக்கல் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து செல்லை, அதாவது கைதியின் அறையை, அலங்கரித்தேன். பார்க்க நன்றாக இருந்தது, ஆடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

வேண்டியவை: கட்டம் போட்ட நோட்டு, பென்சில், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். கம்ப்யூட்டரைக் கடைசியில் தொட்டால் போதும்.

படி 1: சிறை கதையில் எங்கே வருகிறது?

தொடக்கத்தில் வைப்பது ஒரு வகை. 2006-இல் வந்த 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஒப்லிவியன்' ஒரு செல்லில்தான் தொடங்குகிறது. நாம் என்ன குற்றம் செய்தோம் என்று கேம் சொல்வதில்லை. கொலையாளிகளிடமிருந்து தப்பி ஓடும் பேரரசர் யூரியல் செப்டிம் நம் செல்லுக்கே வருகிறார், ஏனென்றால் ரகசிய வழி அங்கேதான் இருக்கிறது. அந்தச் சுரங்கத்தில் எலிகளோடும் காப்ளின் என்ற குட்டிப் பூதங்களோடும் மோதும்போது வாள், வில், மந்திரம், பூட்டுத் திறப்பது எல்லாம் பழகிவிடும். பாடம் நடத்துவதாகத் தோன்றாமல் பாடம் நடந்துவிடுகிறது.

நடுவில் வைப்பது இன்னொரு வகை. 1998-இன் 'மெட்டல் கியர் சாலிட்' பாதிக் கதையில் நாயகன் ஸ்னேக்கைப் பிடித்து, அதுவரை நாம் சேர்த்த அத்தனையையும் பிடுங்கிவிடுகிறது. அந்த இழப்பு உறைக்க வேண்டுமென்றால், முதலில் பல மணிநேரம் கொடுத்திருக்க வேண்டும். அதனால் புதிதாகச் செய்கிறவர்கள் தொடக்கத்திலேயே வையுங்கள்.

படி 2: வார்டரின் நேரம்

நோட்டில் பதினாறு கட்டம் நீளத்துக்கு ஒரு நடைபாதை போடுங்கள். நான்காவது கட்டத்தில் உங்கள் செல்லின் கதவு. வார்டர் ஒரு விநாடிக்கு ஒரு கட்டம் நடக்கிறார். கதவைத் தாண்டிக் கடைசிக் கட்டம் வரை போக 12 விநாடி. அங்கே சுவரைப் பார்த்தபடி 4 விநாடி நிற்கிறார். அப்புறம் திரும்புகிறார். ஆக, அவர் முதுகு நம் பக்கம் இருப்பது 16 விநாடி.

இப்போது செல்லுக்குள் வேலையைக் கொடுங்கள். ஒரு செங்கல்லைப் பெயர்க்க 5 விநாடி, ஓட்டையைப் போர்வையால் மறைக்க 3 விநாடி. இரண்டு கல் பெயர்த்து மறைத்தால் 13 விநாடி ஆகும். 3 விநாடி மிச்சம். மூன்றாவது கல்லுக்கு ஆசைப்பட்டால் 18 ஆகிவிடும், மாட்டிக்கொள்வோம். அந்த மூன்றாவது கல்தான் உங்கள் கேம். சுற்றுக்கு இரண்டு என்று பொறுமையாக எடுப்பவருக்கும் ஆசைப்படுகிறவருக்கும் இடையில் நெஞ்சு படபடப்பது அங்கேதான்.

திரையில் கடிகாரம் போட்டுவிடாதீர்கள். பூட்ஸ் சத்தம் தேய்ந்து தேய்ந்து நிற்கட்டும், நான்கு விநாடி அமைதி, பிறகு மறுபடி கேட்கத் தொடங்கட்டும். இரண்டு சுற்று கேட்டாலே காது கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இதை ஒரு நாள் முழுவதற்கும் நீட்டிய கேம் 2015-இன் 'தி எஸ்கேப்பிஸ்ட்ஸ்'. கூரை வேலை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ் டேவிஸ் என்ற இங்கிலாந்துக்காரர் உருவாக்கியது. காலையில் ஆள் கணக்கெடுப்பு, சாப்பாடு, வேலை, உடற்பயிற்சி, குளியல், இரவில் விளக்கணைப்பு என்று மணி அடித்தபடி இருக்கும். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் சந்தேகம் ஏறும். தப்பிக்கும் திட்டம் முழுவதும் இந்த அட்டவணையின் இடுக்குகளில்தான் நடக்க வேண்டும்.

படி 3: கருவியை ஆடுபவரே உண்டாக்கட்டும்

சாவியைத் தரையில் போட்டுவைக்காதீர்கள். 'டிஸ்ஹானர்ட்' (2012) எனக்கு மிகவும் பிடித்த கேம். ஆனாலும் அதில் செல்லின் சாவி சாப்பாட்டோடு வந்துவிடுகிறது, கூடவே ஒரு கடிதமும். கதைக்கு அது சரி. நாமே பூட்டை வென்ற உணர்வு மட்டும் கிடைப்பதில்லை.

எஸ்கேப்பிஸ்ட்ஸ் வழியைப் பாருங்கள். பற்பசையையும் டால்கம் பவுடரையும் பிசைந்தால் மாவு போல ஓர் உருண்டை. காவலரின் சாவியை அதில் அழுத்தினால் அச்சு. லைட்டரால் சீப்பை உருக்கி அச்சில் ஊற்றினால் பிளாஸ்டிக் சாவி. பல் தேய்ப்பதும் தலை வாருவதும் எந்தச் சிறையிலும் குற்றமில்லை. சாதாரணப் பொருள்கள் சேர்ந்து சாவியாக மாறும்போது கிடைக்கிற மகிழ்ச்சியை வேறெதுவும் தராது.

நிஜத்திலும் இப்படித்தான் நடந்தது. 1962 ஜூனில் அமெரிக்காவின் அல்காட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து ஃபிராங்க் மோரிஸும் ஆங்கிலின் சகோதரர்களும் வெளியேறிய இரவில், அவர்களின் படுக்கையில் பொம்மைத் தலைகள் இருந்தன. முடிவெட்டும் இடத்திலிருந்து கொண்டுவந்த நிஜ முடியை அவற்றில் ஒட்டியிருந்தார்கள். அவர்கள் தப்பிய படகு 50-க்கும் மேற்பட்ட மழைக்கோட்டுகளால் ஆனது. உங்கள் செல்லில் இருக்கும் பத்துப் பொருள்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பயன் ஒன்றை எழுதிப் பாருங்கள்.

படி 4: இன்னொரு வழி

ஒரே விடை இருந்தால் அது தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுவார். மெட்டல் கியர் சாலிடில் ஸ்னேக்கிடம் கெட்சப் வந்து சேரும். தரையில் குப்புறப் படுத்து அதைப் பயன்படுத்தினால், ரத்தம் என்று நினைத்துக் காவலாளி கதவைத் திறப்பான். அது தோன்றவில்லையா? வயிறு சரியில்லாத அவன் கழிப்பறைக்கு ஓடும் நேரம் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் ஒளியலாம். எதுவும் செய்யாமல் இருந்தாலும், கடைசியில் கதையில் வரும் நிஞ்சா ஒருவன் வந்து உதவுவான். ஆக மூன்று வழி. உங்களுக்கு இரண்டு போதும். ஒன்று வேகமானது, ஒன்று பொறுமையானது.

இரண்டு பேர் ஆடும் கேம் என்றால் 'எ வே அவுட்' (2018) பாருங்கள். ஒருவர் கழிப்பறைக்குப் பின்னால் சுவரைக் குடைய, மற்றவர் காவலரைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.

படி 5: மாட்டிக்கொண்டால்?

'கேம் ஓவர்' வேண்டவே வேண்டாம். பொருள்களைப் பறித்துக்கொள்ளுங்கள், தனிச்செல்லில் ஒரு சுற்று போடுங்கள், வார்டரின் நேரத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். பெயர்த்த கற்களில் பாதியாவது அப்படியே இருக்கட்டும். என் தங்கை மகன் என் முதல் லெவலை மூன்று தடவை முதலிலிருந்து ஆட வேண்டியிருந்தது. நான்காவது தடவை வரவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிரவே அந்தப் பகுதியை அழித்துவிட்டு எழுதினேன்.

படி 6: வெளியே என்ன தெரிகிறது?

ஒப்லிவியனில் நீண்ட நேரம் இருட்டிலும் சாக்கடையிலும் நடந்து, கடைசிக் கம்பிக்கதவைத் தாண்டியதும் வானம், ஏரி, எதிர்க்கரையில் வெண்கல் இடிபாடு. யாரும் எதையும் சொல்வதில்லை, அங்கே போகவேண்டும் என்று நமக்கே தோன்றுகிறது. செலவே இல்லாமல் நீங்களும் இதைச் செய்யலாம். உள்ளே இரண்டு நிறம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கூரை தாழ்வாக இருக்கட்டும். வெளியே வந்ததும் கேமராவைச் சற்றுப் பின்னால் இழுத்து, பூட்ஸ் சத்தத்தை முற்றிலும் நிறுத்திவிடுங்கள்.

படி 7: ஆட வைத்துப் பாருங்கள்

இப்போதும் காகிதத்திலேயே. நண்பர் ஒருவர் பென்சில் முனையால் கைதியை நகர்த்தட்டும், நீங்கள் ஸ்டாப்வாட்சோடு வார்டராக நடந்து விநாடிகளை மெல்லத் தட்டுங்கள். குறிப்பு எதுவும் சொல்லாதீர்கள். முதல் சுற்றிலேயே அவர் தப்பிவிட்டால் வார்டர் சுவரைப் பார்க்கும் 4 விநாடியை 2 ஆக்குங்கள். ஐந்து சுற்றிலும் முடியவில்லை என்றால் 6 ஆக்குங்கள். மூன்றாவது கல்லைத் தொடலாமா என்று அவர் கை தயங்குகிற நேரம் வந்ததும், கம்ப்யூட்டரைத் திறக்கலாம்.