வன்னியில வேலைக்கு போகமுதல் சம்பளத்தை கணக்கு பாக்கிறது எப்பிடி

ஏ.எல் முடிச்சிட்டு வேலை தேடுற பெடியள் பெட்டையள் அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்டுதான், அண்ணா ஒப்பீசில மாசம் 40 தாறம் எண்டு சொல்லினம், மேசனோட கையாளா போனா நாளுக்கு 3000 வருது, எது நல்லம் எண்டு. இந்த ரெண்டு நம்பரையும் அப்பிடியே பக்கத்தில வச்சு பாக்க ஏலாது. ஒண்டு மாசக்கணக்கு மற்றது நாள்கணக்கு, ஒண்டுக்கு பின்னால காசு சேரும் மற்றதுக்கு சேராது, மழை வந்தா ஒண்டு நிக்கும் மற்றது நிக்காது. ரெண்டையும் ஒரு வருசத்துக்கு எவ்வளவு எண்ட ஒரே கணக்குக்கு கொண்டு வரவேணும், அதுக்கு பிறகுதான் எது கூட எது குறைய எண்டு கதைக்கலாம்.

முதல்ல சட்டத்தில இருக்கிற அடிமட்டத்தை மனசில வையுங்கோ. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரல்ல மாசம் 27,000 ஆனது, 2026 சனவரியில இருந்து 30,000. நாள்கூலிக்கு 1,200. இது ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் ஒண்டுதான், எங்கட பக்கம் களை பிடுங்க, கச்சான் பிடுங்க போற பொம்பிளையளுக்கு அதே வேலைக்கு ஆம்பிளையை விட குறைச்சு குடுக்கிறது இன்னும் பழக்கமாத்தான் இருக்கு, அது எனக்கு பொறுக்கேலாத விசயம். பழகும் வரைக்கும் 20 தாறன் எண்டு ஒரு கடைக்காரர் முழுநேர வேலைக்கு சொன்னா அது சட்டத்துக்கு கீழ எண்டு தெரிஞ்சுகொண்டு கதையுங்கோ.

இப்ப கணக்குக்கு வருவம். நாள் 3,000 எண்டு வையுங்கோ. நல்ல மாசத்தில 20 நாள் வேலை கிடைச்சா 60,000. ஆனா ஐப்பசிக்கு பிறகு மழை பிடிச்சா கட்டட வேலை படுத்திடும், மண் வராது, சீமெந்து பூச ஏலாது, வேலைகாரரும் ரோட்டை பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மூண்டு மாசத்துக்கு மாசம் 8 நாள் எண்டு போடுங்கோ, அது மாசம் 24,000. ஒன்பது நல்ல மாசம் 540,000, மழை மாசம் மூண்டும் 72,000, மொத்தம் 612,000. பன்னிரண்டால பிரிச்சா மாசம் 51,000. 3000 எண்டு கேட்ட உடனே 90,000 எண்டு மனசில கணக்கு போடுறம் பாருங்கோ, உண்மை இவ்வளவுதான்.

ஒப்பீஸ் 40,000 ஐ எடுங்கோ. ஈ.பி.எவ் க்கு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு, உங்கட பங்கு 8 வீதம், 3,200 கழியும், கையில 36,800. ஆனா முதலாளி தன்ர காசில 12 வீதம், அதாவது 4,800 அதுக்கு மேல போடவேணும், ஈ.ரி.எவ் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம், 1,200. அப்ப மாசம் உங்கட பேரில சேருறது 9,200. கையில வாறதையும் சேருறதையும் கூட்டினா 46,000, வருசத்துக்கு 552,000. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்தில அஞ்சு வருசம் நிண்டா, விலகேக்க மொத்தமா தாற பணிக்கொடையும் இருக்கு, மாசச்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருசத்துக்கும் கடைசி சம்பளத்தில அரைமாசம். அப்ப ரெண்டுக்கும் நடுவில இருக்கிறது வருசத்துக்கு ஏறக்குறைய 60,000 தான், வாய்க்கு சொல்லுற மாதிரி இரண்டு மடங்கு இல்லை. அதோட ஒப்பீசில வருசத்துக்கு 14 நாள் லீவு, 7 நாள் தற்செயல் லீவு சம்பளத்தோட வரும், கூலிக்கு போனா காய்ச்சல் எண்டு படுத்தாலே அண்டைக்கு காசு இல்லை.

ஆனா இந்த கணக்கு எல்லாம் ஈ.பி.எவ் உண்மையா கட்டினாத்தான். கட்டாத இடத்தில 30,000 க்கு கடையில நிக்கிறதை விட நல்ல மேசன் ஒராளோட போய் தொழில் பழகிறதுதான் திறம் எண்டு நான் சொல்லுவன், ஏனெண்டா கையாளா போறவன் ரெண்டு மூண்டு வருசத்தில கொத்து பூச்சு எல்லாம் பிடிச்சு மேசனா நிப்பான், கூலி ஏறும், கடையில நிக்கிற பிள்ளைக்கு அதே சம்பளம்தான் இருக்கும்.

ஈ.பி.எவ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேணும், எங்கட ஆக்கள் கூட ஏமாறுறது இதிலதான். ஒராள் மட்டும் வேலை செய்யிற கடையா இருந்தாலும் கட்டவேணும். முதல் நாளில இருந்தே கட்டவேணும், ஆறு மாசம் கழிச்சு நிரந்தரமாக்கின பிறகு எண்டு சொல்லுறது சட்டத்தில இல்லை. பேசிக்குக்கு மட்டும் இல்லை, வாழ்க்கைச்செலவு படி, சாப்பாட்டு படி எல்லாம் சேத்துத்தான் கணக்கு, ஓ.ரி, அதாவது மேலதிக நேரத்துக்கு தாற காசு, மட்டும் சேராது. பேஸ்லிப்பில பேசிக் 18,000 அலவன்ஸ் 22,000 எண்டு பிரிச்சு 18,000 க்கு மட்டும் கழிச்சிருந்தா விளங்கவேணும், உங்கட முதுமைக்கு போகவேண்டிய காசு அரைவாசிக்கு மேல போகேல்லை.

ஓ.ரி கணக்கும் தெரிஞ்சிருங்கோ. கடை, ஒப்பீஸ் வேலைக்கு மாசச்சம்பளத்தை 240 ஆல பிரிச்சு ஒண்டரை மடங்கு. 36,000 எண்டா மணித்தியாலம் 150, ஓ.ரி 225. கார்மென்ட் மாதிரி, தொழில் தொழிலா சம்பள விதி போடுற சம்பள சபைக்குள்ள வாற தொழிலுக்கு 200 ஆல பிரிக்கிறது, அதே 36,000 க்கு ஓ.ரி 270. கடை ஒப்பீசில நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 எண்டதுதான் அளவு. காலமை எட்டுக்கு திறந்து இரவு எட்டுக்கு பூட்டுற கடையில 35 எண்டு சொன்னா அது பன்னிரண்டு மணித்தியாலத்துக்கான 35 எண்டதை மறக்காதேங்கோ.

கார்மென்டுக்கு போற தங்கச்சிமார், சொல்லுற மொத்தத்தை கேட்டுட்டு வராதேங்கோ. பேசிக் எவ்வளவு, வரவுக்கு குடுக்கிற காசு எவ்வளவு, ஒரு நாள் லீவு போட்டா அதில எவ்வளவு போகும், ரார்கெட், அதாவது குடுத்த இலக்கு, அடிச்சா எவ்வளவு எண்டு தனித்தனியா கேளுங்கோ. கம்பனி பஸ் உங்கட ஊர் சந்திக்கு வருமா எண்டதும் காசுதான். மாங்குளத்தில இருந்து கிளிநொச்சி போய்வர முப்பது முப்பது கிலோமீற்றருக்கு மேல, மோட்டச்சைக்கிள் பெற்றோலும் தேய்மானமும் பாத்தா சம்பளத்தில ஒரு பங்கு ஏ9 ரோட்டிலயே போயிடும். லீசிங், கடன் குடுக்கிற கம்பனியளின்ர பீல்ட் ஒப்பிசர் வேலைக்கும் இதுதான் முதல் கேள்வி, மோட்டச்சைக்கிள் ஆருடையது, பெற்றோல் ஆர் போடுறது, ரார்கெட் தவறினா என்ன நடக்கும்.

கண்ணிவெடி அகற்றுற வேலை, என்.ஜி.ஓ புரஜெக்ட் வேலை எல்லாம் சம்பளம் பாக்க நல்லா இருக்கும். ஆனா நிதி வாற வரைக்கும்தான், அதால கொன்றாக்ட் எந்த மாசம் முடியுது எண்டு பாத்து, முடிஞ்சு அடுத்த வேலை கிடைக்க மூண்டு நாலு மாசம் ஆகும் எண்டு எடுத்து, வருசத்துக்கு வாற மொத்தத்தை பன்னிரண்டால பிரியுங்கோ. அரசாங்க வேலைக்கு அடிப்படைச்சம்பளம் ஆகக்குறைஞ்சது 40,000 எண்டு 2025 வரவுசெலவுத்திட்டத்தில உயர்த்தினது, அது 2027 வரைக்கும் கட்டம் கட்டமா சேருது, ஆனா போட்டிப்பரீட்சையை காத்துக்கொண்டு மூண்டு வருசம் சும்மா இருக்கிறதுக்கும் ஒரு விலை இருக்கு.

ஊரில என்ன ரேட் போகுது எண்டு அறிய இணையத்தை தேடி பிரியோசனம் இல்லை. காலமை ஆறரைக்கு கூலிக்கு ஏறுற சந்தியில, சாமான் கடையில, ஒரே மாதிரி வேலை செய்யிற மூண்டு பேரிட்ட கேளுங்கோ. கேக்கேக்க "எவ்வளவு" எண்டு மட்டும் கேட்டா காணாது. சாப்பாட்டோடயா சாப்பாடு இல்லாமலா, எத்தினை மணிக்கு ஏறி எத்தினைக்கு இறங்குறது, நாள்கணக்கா கொந்தராத்தா, காசு அண்டண்டைக்கா சனிக்கிழமையா. வயலுக்கு மருந்தடிக்க போனா நாளுக்கா டாங்கி கணக்கா. பிரதேச செயலகத்தில மனிதவலு வேலைவாய்ப்பு திணைக்கள உத்தியோகத்தர் இருப்பினம், தனியார் வேலை விளம்பரங்கள் அவையிட்ட வரும், பேரை பதிஞ்சு வையுங்கோ.

இன்ரவியூவில எவ்வளவு எதிர்பாக்கிறீர் எண்டு கேப்பினம். நாங்கள் கூச்சத்தில "நீங்கள் பாத்து தாங்கோ சேர்" எண்டு விடுறம். அப்பிடி விட்டா பாத்துத்தான் தருவினம். "இந்த வேலைக்கு இங்க 45 வரைக்கும் போகுது சேர், எனக்கு கணக்கு சொவ்ட்வெயார் தெரியும், 42 இல தொடங்கி ஆறு மாசத்தில திருப்பி பாப்பம்" எண்டு மரியாதையா சொல்லுங்கோ, ஆரும் கோவிக்க மாட்டினம். நியமனக் கடிதம் கேளுங்கோ, அதில அந்த ஆறு மாசத்தையும் எழுதச்சொல்லுங்கோ.

கைத்தொழில்காரர் என்.வி.கியூ எண்ட தேசிய தொழில் தகைமை சேட்டிபிக்கட் எடுங்கோ. வகுப்புக்கு போகாமலே உங்கட அனுபவத்தை வச்சு சோதிச்சு சேட்டிபிக்கட் தாற முறை இருக்கு, தொழிற்பயிற்சி அதிகார சபையில விசாரிக்கலாம். புதுசா பழகிறவைக்கு கிளிநொச்சி அறிவியல் நகரில ஜேர்மன் ரெக் எண்ட தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கு. பெரிய கொந்தராத்துக்காரர் அந்த பேப்பரை கேக்கினம், வெளிநாட்டு வேலைக்கு போறதுக்கும் அது உதவும்.

வேலை தொடங்கின நாளில இருந்து ஒரு சின்ன கொப்பியில திகதி, ஏறின நேரம், இறங்கின நேரம், வாங்கின காசு, வாங்கின அட்வான்ஸ் எழுதி வாங்கோ. சம்பளம் தராட்டி, ஈ.பி.எவ் கட்டாட்டி மாவட்ட தொழில் அலுவலகத்துக்கு தமிழிலயே முறைப்பாடு எழுதி குடுக்கலாம், கொப்பி, பாங்க் புத்தகம், போன்ல வந்த மெசேஜ் எல்லாம் சாட்சிதான். காரணம் இல்லாம நிப்பாட்டினா தொழில் நியாய சபைக்கு போக ஆறு மாசம்தான் தவணை, முதலாளி திருப்பி கூப்பிடுவார் எண்டு பாத்துக்கொண்டு அந்த ஆறு மாசத்தை விட்டிடாதேங்கோ.