வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறதா?

ஓடிடி படம் ஓடும்போது ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறதே, அதற்கு டிவி பழுது காரணமில்லை. 5.1 ஒலியில் (ஆறு தனித்தனித் தடங்களாக வரும் சரவுண்ட் ஒலி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வரும். டிவியில் இருப்பதோ பெரும்பாலும் இரண்டே ஸ்பீக்கர். ஆறு தடங்களையும் அதற்குள் கலக்கும்போது இசையும் வெடிச்சத்தமும் வசனத்தை அமுக்கிவிடுகின்றன.

முதலில் ஆப்பிலேயே பாருங்கள். படம் ஓடும்போது ஆடியோ பட்டியலில் ‘தமிழ்’, ‘தமிழ் 5.1’ என இரண்டு இருந்தால், 5.1 இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். பல நேரம் இதுவே போதும்.

போதவில்லையா? டிவியின் சவுண்ட் அமைப்பில் ‘மூவி’, ‘சரவுண்ட்’ இருந்தால் மாற்றிவிட்டு ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘கிளியர் வாய்ஸ்’ வையுங்கள். (சினிமா பார்க்க ‘மூவி’ மோட் உதவாது என்பது வேடிக்கைதான்.) ‘நைட் மோட்’ இருந்தால் அதையும் போடுங்கள், உரத்த ஒலியைத் தாழ்த்தி, மெல்லிய ஒலியை உயர்த்தும். பாஸை (கனமான, தாழ்ந்த ஒலி) குறைத்தால் ஆண் குரல்களின் முழக்கம் அடங்கி, சொற்கள் தெளியும்.

நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் என்றால் 5.1-ஐயே வைத்துக்கொண்டு ‘சென்டர்’ அளவை மட்டும் 2 முதல் 4 படி வரை கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் குரல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு ஒலிக்கும்.