ஸ்போர்ட்ஸ் மியூசியம் டூரை பாடத்தோட எப்படி சேர்க்கிறது

முதல்ல டீச்சர் மட்டும் ஒரு தடவை போய் பாத்துட்டு வந்துடுங்க, எந்த பொருள் எந்த பாடத்துக்கு ஒத்து வரும்னு அங்கயே குறிச்சுக்கலாம். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க தடகள வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 4 தங்கம் ஜெயிச்சது ஹிஸ்டரிக்கு, 100 மீட்டர் ஓட்டத்துல உசைன் போல்ட்டோட 9.58 செகண்ட் ரெக்கார்டு மேத்ஸுக்கு, 100 மீட்டரை அதால வகுத்தா செகண்டுக்கு 10.44 மீட்டர் வரும், மணிக்கு எத்தனை கிலோமீட்டர்னு பசங்களையே போட சொல்லுங்க. பாப் பீமன் 1968 ஒலிம்பிக்ஸ் நீளம் தாண்டுதல்ல தாண்டின 8.90 மீட்டரை டேப் வச்சு அளந்து காட்டினா வாயடைச்சுப் போயிடுவாங்க (இதுக்கு ஸ்கூல் கிரவுண்டு தான் வசதி). ஒர்க்‌ஷீட் ஒரு பக்கம் போதும்ங்க, நீளமா குடுத்தா போர்டுல இருக்கறதை காப்பி அடிச்சுட்டு பொருளை பாக்கவே மாட்டாங்க. புக் பண்றப்பவே கைடு உண்டா, தொட்டுப் பாக்குற பகுதி இருக்கான்னு கேட்டுக்கோங்க.